மழைநீரும் மெய்க்கணக்கும்

ஐப்பசித் திங்களில் மதுரையை அடுத்த திருநகரில் நல்ல மழை பெய்கிறது என்று கொள்வோம். மாடியில் வைத்த கிண்ணம் விரைவில் நிரம்பிவிடும். அந்நீரில் உள்ளன யாவும் மழையோடு வந்தனவோ? முன்பே கிண்ணத்தில் படிந்த தெருப்புழுதியும் காக்கையின் எச்சமும் அதில் கலந்திருக்கலாம் அன்றோ?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பர். அச்சோறு அப்பானையினின்றே எடுக்கப்படல் வேண்டும். காற்றின் தூய்மையை அறிய மழைநீரை ஆராய்வோர் முதலில் கருதுவது இதுவே. தூய காற்றில் பெய்யும் மழையும் கரியமில வாயு கரைவதால் சிறிது அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5.6 ஆகும். ஆலைப்புகை கலந்தால் அவ்வளவு குறையும். சுண்ணச்சத்துள்ள புழுதி கலந்தால் உயரும். எனவே கிண்ணத்துப் புழுதி, மாசுற்ற காற்றையும் தூயதெனக் காட்டிவிடக்கூடும்.

இவ்வாராய்ச்சிக்காக இந்திய வானிலை ஆய்வுத் துறை 1970-களில் தொடங்கி நாட்டின் பல பகுதிகளில் நிலையங்களை நிறுவியது. மதுரைச் சமவெளிக்கு வடமேற்கே மலைமீதுள்ள கோடைக்கானல் அவற்றுள் ஒன்று. மழை தொடங்கும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் கலமே இப்பணிக்கு ஏற்றது. திரட்டிய நீரைக் குளிர்ச்சியாக வைத்தலும் வேண்டும். இல்லையேல் நுண்ணுயிர்கள் அதிலுள்ள அம்மோனியச் சத்தை உண்டு குறைத்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் எண்கள் கிடைத்தபின் அடுத்த சோதனை தொடங்கும். நீரில் கரைந்த உப்புகள் அயனிகளாகப் பிரிந்து நிற்கும். அவற்றின் நேர்மின் சுமையும் எதிர்மின் சுமையும் சமமாக இருத்தல் இயற்கை நியதி. வணிகர் இரவில் வரவையும் செலவையும் ஒத்துப் பார்ப்பதுபோல, ஆய்வாளரும் இவ்விரு தொகைகளையும் ஒத்துப் பார்ப்பர். பெரிதும் வேறுபட்டால் ஓர் அயனி விடுபட்டது, அன்றி அளவு பிழைபட்டது என்று உணர்வர். அந்நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்தும் எனக் கணித்து, அளந்து கண்ட அளவோடு ஒப்பிடுவது மற்றொரு சோதனை. உலக வானிலை அமைப்பின் ஏற்பாட்டின்படி, ஒரே நீரைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, விடைகளை ஒப்பிடுதலும் உண்டு.

எனினும், கணக்குச் சரியானால் நீரும் சரியென்று கொள்ளலாகாது. கலத்தில் விழுந்த புழுதியும் இருவகைச் சுமைகளையும் சமமாகவே தரும். அதனை இச்சோதனைகள் காட்டமாட்டா. கலத்தை நேரிற் கண்டவரின் குறிப்பேடே காட்டும். 'பூச்சி கிடந்தது', 'மூடி திறக்கவில்லை' என்று அவர் எழுதும் ஒரு வரி எண்கள் பலவற்றுக்குக் காவலாகும்.

ஐயத்திற்குரிய எண்ணை அழித்தலும் விரும்பியவாறு திருத்தலும் தகா. ஐயத்திற்குரியது என்று குறித்து வைத்தலே முறை. மெய்யான எண்கள் பல்லாண்டு சேர்ந்தால்தான் காற்று மாசுறுவதை அறிந்து தடுக்க இயலும்.

மாணவர்களே! உங்கள் சோதனையில் எதிர்பாராத அளவு வந்தால், அடுத்தவர் ஏட்டைப் பார்த்து அதனை மாற்றாதீர்கள். கண்டதை எழுதுங்கள், பின்னர்க் காரணத்தைத் தேடுங்கள்.