ஒரே சாலை, மூன்று எஞ்சின்கள்

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது. அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என 3.5 கிலோமீட்டர், 19 திருப்பங்கள். அங்கே மூன்று வகைப் பந்தயக் கார்கள் ஓடின. மூன்றிலும் எஞ்சினின் கொள்ளளவு 1.1 முதல் 1.3 லிட்டர்தான். ஆனால் திறனில் பெரிய வித்தியாசம். காரணம், காற்று.

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்று சிலிண்டருக்குள் போகிறதோ, அந்த அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும்.

கோவையில் உருவான ஃபார்முலா எல்ஜிபி 4 காரில் மாருதி சுசுகியின் 1.3 லிட்டர் எஞ்சின் இருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றை மட்டுமே நம்பியது அது. இதே குடும்பத்து எஞ்சின் எஸ்டீம் காரில் 85 குதிரைத்திறன் தந்தது.

ஃபார்முலா 4 காரில் ஆல்பைன் 1.3 லிட்டர் டர்போ எஞ்சின். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அதே இடத்தில் அதிகக் காற்று அடைபடுவதால் ஏறத்தாழ 180 குதிரைத்திறன் கிடைக்கிறது.

இந்தியன் ரேசிங் லீகின் உல்ஃப் காரில் அப்ரிலியா பைக்கின் 1.1 லிட்டர் வி4 எஞ்சின். டர்போ கிடையாது, ஆனாலும் 220 குதிரைத்திறன்! அதன் பிஸ்டன் ஒரு தடவைக்கு 52.3 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. மாருதி எஞ்சினில் 75.5. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால், அப்ரிலியா பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17 மீட்டர். அதே சுற்றில் மாருதி பிஸ்டன் 25 மீட்டர் வேகத்தில் ஓடவேண்டியிருக்கும். சாலைக் காருக்கென்று செய்த பாகங்கள் அதை நெடுநேரம் தாங்காது. பிஸ்டனின் பயணம் குறைவு என்பதால் அப்ரிலியா எஞ்சின் பதறாமல் அதிகச் சுற்று சுற்றுகிறது. நிமிடத்துக்குள் அதிகத் தடவை காற்றை இழுக்கிறது.

எனவே கார் வாங்கப் போகிறவர்கள் ‘எத்தனை சிசி?’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். டர்போ உண்டா, எத்தனை சுற்றில் முழுத்திறன் கிடைக்கிறது என்றும் கேளுங்கள். எஞ்சினின் குணம் அந்தப் பதில்களில்தான் தெரியும்.