அலுமினியத் தொட்டியில் அரிக்கப்படாத மின்வாய்

அலுமினிய உருக்காலையில் தொட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் கிரையோலைட் என்ற உப்பு சுமார் 960 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும். அதில் அலுமினிய ஆக்சைடான அலுமினாத் தூளைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியம் பிரிந்து அடியில் தேங்கும். 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் தனித்தனியே கண்டறிந்த இந்த முறைதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

மேலிருந்து இறங்கும் நேர்மின்வாய் ஒரு கரிக்கட்டை. அலுமினாவின் ஆக்சிஜன் அந்தக் கரியோடு சேர்ந்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. ஒரு டன் அலுமினியத்துக்கு 400 கிலோவுக்கு மேல் கரி தீர்கிறது. சுமார் ஒன்றரை டன் கரியமில வாயு கிளம்புகிறது. மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை கட்டையை மாற்றியாக வேண்டும். தேயாத மின்வாய் கிடைத்துவிட்டால் அங்கே ஆக்சிஜன் மட்டுமே வெளியேறும்.

அதற்குத் தடையாக நிற்பது அரிப்பு. அந்த வெப்பத்தில், ஆக்சிஜன் குமிழியிடும் இடத்தில், சாதாரண உலோகம் எதுவானாலும் மேலே ஆக்சைடுத் தோல் படர்ந்துவிடும். கிரையோலைட்டைத் தேர்ந்தெடுத்ததோ ஆக்சைடைக் கரைக்கும் என்பதற்காகத்தான்! அலுமினாவைக் கரைப்பது மின்வாயின் தோலையும் கரைக்கிறது. கரைந்த இரும்பும் நிக்கலும் செம்பும் கீழே உள்ள அலுமினியத்தில் போய்ச் சேர்ந்துவிடுவதால், உப்பு அவற்றால் நிறைவதே இல்லை, கரைப்பதும் நிற்பதில்லை. உலோகத்தின் தூய்மையும் கெடுகிறது.

நிக்கல் ஃபெரைட் பீங்கானில் செம்புத் துகள்களைக் கலந்து செய்த செர்மெட் நீண்டகாலமாகச் சோதிக்கப்படும் பொருள். சோதனைக்குப் பின் அதை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், விளிம்பில் செம்பு இருந்த இடங்கள் வெறும் துளைகளாகத் தெரியும். அத்துளைகள் வழியே உப்பு உள்ளே இறங்குகிறது.

உப்பில் அலுமினாவை எப்போதும் நிறைவுநிலைக்கு அருகிலேயே வைத்திருந்தால் அரிப்பு குறையும். பொட்டாசியம் ஃபுளோரைடு கலந்து வெப்பத்தைத் தணிப்பதும் உதவும். ஆனால் வெப்பம் தணிந்தால் அலுமினா கரையத் தயங்கும். மின்வாயின் அருகே அலுமினா தீர்ந்துபோனால் உப்பிலுள்ள ஃபுளோரைடு மின்வாயை நேரடியாகத் தாக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. இந்த இழுபறிதான் இத்துறையின் உண்மையான கடினம்.

தேயாத மின்வாயை உருவாக்க, 2018இல் அலுமினிய உற்பத்தி நிறுவனங்களான அல்கோவாவும் ரியோ டின்டோவும் கனடாவில் எலிசிஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. ரஷ்யாவின் ரூசல் நிறுவனமும் சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்கில் இதற்கு முயல்கிறது. கனடாவிலும் சைபீரியாவிலும் உருக்காலைகளுக்கு நீர்மின்சாரம் தாராளம் என்பதைக் கவனிக்க வேண்டும். கரி எரியும்போது கிடைக்கும் ஆற்றல் இல்லாததால், தேயாத மின்வாய்க்குக் கோட்பாட்டளவில் ஏறத்தாழ ஒரு வோல்ட் கூடுதலாகத் தேவை. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், தொட்டியில் மிச்சமாகும் புகை அனல்மின் நிலையத்தில் வெளியேறிவிடும்.