கிழமைக்கு ஒரு இரத்தப் பரிசோதனை: கிடைக்க வேண்டிய மருந்து ஏன் கிடைப்பதில்லை?

என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் உம்மா, மகனுடைய கிளினிக் கொப்பியோடு சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தார். மகனுக்கு மனச்சிதைவு நோய். ஆறு வருடங்களாக மருந்து எடுக்கிறார். முதல் மருந்தில் சுகமில்லை, மாற்றிக் கொடுத்த மருந்திலும் சுகமில்லை. காதில் கேட்கும் குரல்கள் இன்னும் நிற்கவில்லை. இப்போதுதான் வைத்தியர் குளோசபின் என்ற மருந்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். "கிழமைக்குக் கிழமை ரத்தம் எடுக்கணுமாம் சேர். அப்படிப்பட்ட மருந்து எங்கட புள்ளைக்கு வேணாம் எண்டு சொல்லிட்டு வந்துட்டன்" என்றார்.

அந்தப் பயம் காரணமில்லாததல்ல. 1975 இல் பின்லாந்தில் இம்மருந்தை எடுத்த சிலருக்கு வெண்குருதிக் கலங்கள் திடீரெனக் குறைந்தன. தொற்றை எதிர்க்க முடியாமல் 8 பேர் மரணித்தார்கள். பல நாடுகளில் குளோசபின் ஒதுக்கப்பட்டது.

அதை மீட்டெடுத்தது 1988 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளர்களில் 30 சதவீதமானோர் 6 கிழமைகளில் குளோசபினால் முன்னேறினர். ஒப்பிடப்பட்ட பழைய மருந்தில் முன்னேறியோர் 4 சதவீதம் மாத்திரமே. மனச்சிதைவு நோயாளர்களில் சுமார் மூன்றில் ஒருவர் இப்படி வழமையான மருந்துகளுக்குக் கட்டுப்படாதவர். தற்கொலை அபாயத்தைக் குறைப்பதற்காகவும் 2002 இல் அமெரிக்காவில் இதற்குத் தனியான அனுமதி கிடைத்தது.

அந்த ஆபத்தான விளைவு வருவது நூறில் ஒருவருக்கும் குறைவாகவே. அதுவும் பெரும்பாலும் முதல் 18 கிழமைகளுக்குள். வாராவாரம் இரத்தம் பார்ப்பது அதனால்தான். கலங்கள் குறையத் தொடங்கினால் உடனே மருந்தை நிறுத்திவிடலாம்.

சொல்வது இலகு. கிராமத்திலிருந்து பஸ் ஏறி நகர ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடப்போகும் வாப்பாவுக்கோ நானாவுக்கோ அன்றைய கூலி இல்லை. முடிவு வரவில்லை, நாளைக்கு வாங்க என்றால் இரண்டு நாள் கூலி. வாட்டில் படுத்திருப்பவருக்கு இந்த அலைச்சல் கிடையாது. கிளினிக் நோயாளருக்கோ இதுதான் முதல் தடை. வைத்தியர் பக்கத்திலும் தயக்கம் உண்டு. வெளியே நீண்ட வரிசை நிற்கும்போது பழைய மருந்தையே திரும்ப எழுதுவதில் யாருக்கும் சிக்கலில்லை. வசதிகள் நிறைந்த லண்டனிலேயே, உரிய காலத்திலிருந்து சுமார் 4 வருடங்கள் பிந்தித்தான் இம்மருந்து தொடங்கப்படுகிறது என ஓர் ஆய்வு கண்டது. அமெரிக்காவில் பரிசோதனை முடிவு பதியப்படாவிட்டால் பாமசி மாத்திரை கொடுக்க முடியாது என்றொரு கட்டாய முறை இருந்தது. அதனாலேயே பலர் மருந்தின்றித் தவித்ததால் 2025 இல் அது நீக்கப்பட்டது. பரிசோதனை செய்யும்படியான ஆலோசனை மாறவில்லை.

நம்மவர்களிடம் இன்னொரு தடையும் உண்டு. ஓதிப் பார்ப்பதிலும் நூல் கட்டுவதிலும் முதல் வருடங்கள் போய்விடுகின்றன. துஆச் செய்வதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுச் செய்வதுதான் பிரச்சினை.

மருந்து தொடங்கியவர்களின் வீட்டார் சில விடயங்களைத் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல், தொண்டை நோவு வந்தால் பனடோலோடு விட்டுவிடாமல் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். எச்சில் வடிவதைச் சொல்பவர்கள் மலச்சிக்கலை வெட்கத்தில் மறைப்பார்கள். குடல் அடைபட்டு உயிர் போகவும் கூடும் என்பதால் அதைக் கட்டாயம் கேளுங்கள். உடல் எடையையும் சீனியையும் கவனிக்க வேண்டும். சிகரட்டைத் திடீரென விட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். விடுவது நல்லதுதான், வைத்தியரிடம் சொல்லிவிட்டு விடுங்கள். நோன்பு வருவதற்கு முன்பே மாத்திரை நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள். 48 மணித்தியாலத்துக்கு மேல் மருந்து தவறினால் பழைய அளவை அப்படியே விழுங்கக் கூடாது. வைத்தியர் குறைந்த அளவிலிருந்து மீண்டும் ஏற்றுவார். அவசரத்துக்கு தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அழைக்கலாம்.

அந்த உம்மா அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் திரும்பவும் கேட்டார். இப்போது பதினோராவது கிழமை. நானா காலையில் த்ரீவீல் ஓட்டத்துக்குப் போகும் வழியில் தம்பியை இரத்தம் கொடுக்க இறக்கிவிட்டுப் போகிறார்.