கைரேகைக்கு 75 ஆண்டு, ஸ்டேஷன் கேமராவுக்கு ஒரு நாள்

சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டினால் ஏற்காடு மலை கண்முன்னே எழுந்து நிற்கும். அடிவாரத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறத் தொடங்கும். மே மாதக் கோடை விழா சமயத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஜூனில், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போலவே ஏற்காட்டுக்கும் இ-பாஸ் வேண்டும் என்று அரசு சொன்னது. பெரிதாக யாரும் முணுமுணுக்கவில்லை. நோய்க்காலம், மலைமேல் ஆஸ்பத்திரி வசதி குறைவு. காரணம் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காரணம் தீர்ந்ததும் பாஸும் போயிற்று.

காரணம் சொல்லாமல் நடந்த ஒன்றைப் பற்றி இங்கே எழுத வேண்டியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்த ஓர் இரவு. எந்த இடம், யாருடைய ரோந்து என்பதெல்லாம் வேண்டாம். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டேன். பின்னால் இரண்டு பலாப்பழங்களை அணைத்தபடி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். காபித் தோட்டக் கூலி, மலையாளி இனத்தவர். கேரளக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கும் அந்தப் பெயர். வழியில் வண்டியை நிறுத்தினார்கள். என்னிடம் அடையாள அட்டை கேட்டார்கள், காட்டினேன், "சரிங்க சார்" என்றார்கள். பெரியவரிடம் அட்டை இல்லை. "நிமிந்து பாருய்யா" என்று ஒருவர் செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

வெளிச்சத்தில் அவருக்குக் கண் கூசியது. ஆனாலும் முதல் காரியமாகத் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். துண்டை எடு என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கை தானாகவே மேலே போயிற்று.

வண்டி கிளம்பிய பிறகு கேட்டார்: "அது எதுக்குங்க, போட்டோ?"

"சும்மா செக் பண்றாங்க" என்றேன். இன்றுவரை அந்தப் பதில் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் படம் எதற்கு, எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தமிழ்நாடு காவல்துறையிடம் முக அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். கொல்கத்தாவில் உள்ள சி-டாக் நிறுவனம் தயாரித்தது. ரோந்தில் இருக்கும் காவலர் தன் செல்போனிலேயே ஒருவரைப் படமெடுத்து, காவல் நிலையங்களில் ஏற்கெனவே பதிவான படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். குற்றவாளிகள், சந்தேகத்துக்குரியவர்கள், காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத சடலங்கள் எல்லாம் அந்தத் தொகுப்பில் உண்டு. காணாமல் போன ஒரு குழந்தையை இந்தக் கருவி வீட்டில் சேர்க்குமானால் அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. எனக்கும் வராது. தெருமுனை கேமராவுக்குச் சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று பெயர் வைத்தபோது, சங்கிலிப் பறிப்புக்குப் பயந்த பெண்கள் அதை வரவேற்றது நியாயமே.

ஆனால் ‘சந்தேகத்துக்குரியவர்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. யாரைச் சந்தேகிக்கலாம் என்று முடிவு செய்வது ரோந்தில் நிற்கும் ஒருவருடைய கண். அன்றைக்கு அந்தக் கண் என்னை விட்டுவிட்டுப் பெரியவர் மேல் போய் நின்றது. அடுத்த கேள்வி, எடுத்த படத்தைக் காப்பாற்றுகிறார்களா என்பது. 2024 மே மாதம் இதே முக அடையாளத் தளத்துக்குள் வெளியாள் ஒருவர் புகுந்தது அம்பலமானது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எங்கே போய் மாற்றுவது?

சேலத்துக்கு இது புதிய கதை அல்ல. கடற்கரையிலிருந்து உப்பையும், உள்நாட்டிலிருந்து தானியத்தையும் கழுதைமேலும் மாட்டின்மேலும் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர்கள் குறவர்கள். ரயில் வந்தது, உப்பு அரசின் கைக்குப் போனது, பிழைப்பு போயிற்று. பிழைப்பு போய் அலைந்தவர்களை அலைகிறார்கள் என்பதற்காகவே சந்தேகித்தது வெள்ளை அரசு. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பல சமூகங்களைப் போல அவர்களையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். பிறந்த சாதியே குற்றம். கைரேகை கொடுக்க வேண்டும், ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டும், சீட்டு இல்லாமல் ஊர் எல்லை தாண்டக் கூடாது. மதுரைப் பக்கம் கள்ளர்கள் அந்தச் சீட்டை ‘ராதாரிச் சீட்டு’ என்றார்கள். சட்டத்துக்கே ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் ஊரில் பெயர். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. சென்னை மாகாணம் 1947இல் அந்தச் சட்டத்தை ஒழித்தது. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் உப்புக் குறவர்’, ‘சேலம் மேல்நாட்டுக் குறவர்’ என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. தொலைந்துபோன உப்பு வியாபாரம் அந்தப் பெயரில் மட்டும் மிச்சம்.

பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920இல்தான் கைதிகளின் ரேகை, அங்க அளவுகளை எடுக்க இந்தியா முழுமைக்குமான சட்டம் ஒன்று வந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, அதை எடுத்துவிட்டு நாடாளுமன்றம் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தைக் கொண்டுவந்தது. 2022 ஆகஸ்ட் 4 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கைரேகையோடு உள்ளங்கை ரேகை, பாத ரேகை, கருவிழி, விழித்திரை, உடல் மாதிரிகள், கையெழுத்து என்று பட்டியல் நீண்டுவிட்டது. தண்டனை பெற்றவர்களிடம் மட்டுமல்ல, கைதானவர்களிடமும் தடுப்புக் காவலில் இருப்பவர்களிடமும் எடுக்கலாம். பதிவு 75 ஆண்டு இருக்கும். 20 வயதில் ஒருவனிடம் எடுத்தால் அவன் 95 வயதுவரை அரசின் கணினியில் இருப்பான். வழக்கில் விடுதலையானால் அழித்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் நீதிமன்றமோ மாஜிஸ்திரேட்டோ வைத்திருக்கச் சொன்னால் அதுவும் இல்லை. அழிக்கச் சொல்லி அலுவலகம் தேடிப் போக வேண்டியதும் விடுதலையானவர்தான்.

யார் கைதாகிறார்கள் என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும். அதற்கு ஏற்காட்டின் இன்னொரு வழியில் இறங்க வேண்டும். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் மலைப்பாதை அது. 2018இல் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க அதிகாரிகள் வந்தது இந்த அடிவாரத்துக்கும்தான். 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய்த் திட்டம். கல் நடுகிற அதிகாரிகளோடு போலீஸ் வந்தது. தென்னந்தோப்பில் மண்ணில் விழுந்து புரண்ட விவசாயிகளையும், கல்லைப் பிடுங்கியவர்களையும், வயதான பெண்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். துணைக்குப் பேச வந்தவர்களும் தப்பவில்லை. ஜூன் 17இல் நடிகர் மன்சூர் அலிகான், 18இல் சேலத்துச் சூழலியலாளர் பியூஷ் மானுஷ், 19இல் மாணவி வளர்மதி என்று மூன்று நாளில் மூன்று கைதுகள். வளர்மதி அதற்கு முந்தைய ஆண்டு குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து வெளியே வந்தவர். நிலம் கையகப்படுத்தியது செல்லாது என்று 2019 ஏப்ரல் 8 அன்று அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, புதிதாகத் தொடங்கலாம் என்றது. போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021இல் மாநில அரசு அறிவித்தது.

தன் தோட்டத்தில் நின்று அழுத ஒரு விவசாயி அடுத்த முறை கைதானால், அவர் கருவிழியும் பாத ரேகையும் பதிவேட்டுக்குப் போகலாம் என்பதுதான் இன்றைய சட்டம். வழக்கைத் திரும்பப் பெற்றுவிடலாம். பதிவு போயிற்றா என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

இதே காவல்துறை தன்னைப் பற்றிய பதிவை எவ்வளவு நாள் வைத்திருந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடிக்கப்பட்டார்கள். சில நாளில் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவுக் கருவியில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய காட்சி அன்றன்றே அழியும்படி வைத்திருந்தார்கள். அந்த இரவு அழிந்து போயிருந்தது. நடந்ததைச் சொன்னது கேமரா அல்ல, அன்று பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். பயத்தில் நடுங்கிக்கொண்டே வாக்குமூலம் கொடுத்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை உட்படக் கேமரா வைக்க வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், 18 மாதம் காட்சி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு. ஐந்து ஆண்டு கழித்து, 2025 செப்டம்பரில், பல நிலையங்களில் கேமரா வேலை செய்யவில்லை என்ற செய்தியைப் பார்த்து அதே நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுக்க வேண்டி வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் அடியில் செத்தார். அடித்ததை உலகுக்குக் காட்டியது மறைந்து நின்று ஒருவர் செல்போனில் எடுத்த சில நொடிக் காட்சி.

கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நாட்டில் நீதிமன்றங்களும் அப்படிச் சொன்னதில்லை. கேள்வி ஒன்றுதான்: பார்ப்பவர் யாருக்குப் பதில் சொல்கிறார்? சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலையில் தந்த தீர்ப்பு அதைத்தான் கேட்டது. லஞ்ச வழக்கு ஒன்றில், 2011 ஆகஸ்ட்டில் மத்திய உள்துறை ஒரு நிறுவன நிர்வாகியின் போனை ஒட்டுக்கேட்க உத்தரவிட்டிருந்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டுமே அதை அனுமதித்தது. இரண்டும் இங்கே இல்லை. மறுஆய்வுக் குழு முன்பும் பதிவுகளை வைக்கவில்லை. உத்தரவு ரத்தானது. குற்றத்தைக் கண்டுபிடிக்கத்தானே என்று சொல்லி வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதுதான் அதன் சாரம்.

இந்த நியாயத்துக்கு முந்தைய ஒரு வேர், விசித்திரமாக, சேலம் மத்திய சிறையோடு தொடர்புள்ளது. கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். காவல் அதிகாரிகளுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு அதில் வரும் என்பதுதான் பிரச்சினை. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தனிமனிதனுக்கு அந்தரங்கம் உண்டு, அரசு அதிகாரிகள் தங்கள் கடமை சார்ந்த செயல்களை மறைக்க அதைக் கேடயமாக்க முடியாது. அடுத்த ஏப்ரலில் சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டான். அவன் செய்த கொலைகளை யாரும் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டிய கோடு சரியானது. இன்று அது தலைகீழாகிக்கொண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்குத் தர வழிவிடுகிறது. கடைக்காரர் என் செல் நம்பரை வாங்கினால் கேள்வி கேட்கலாம். விலக்குப் பெற்ற அமைப்பு என் முகத்தை வாங்கினால் அந்தச் சட்டத்தை நான் காட்ட முடியாது.

பார்க்கப்பட்டவர்களே திரும்பிப் பார்த்த கதை ஒன்றும் இந்தப் பக்கம் உண்டு. குப்பனூரிலிருந்து அரூர் பஸ் மஞ்சவாடிக் கணவாய் வழியாகப் போகிறது. ஒரு பக்கம் சேர்வராயன், மறுபக்கம் சித்தேரி. அந்தச் சித்தேரி மலையடியில் வாச்சாத்தி இருக்கிறது. சரக்கு வண்டிப் பெரியவரின் இனத்தவர்தான் அங்கேயும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் நுழைந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே அரசுத் தரப்பு சொல்லிவந்தது. சி.பி.ஐ. வந்த பிறகு அடையாள அணிவகுப்பு நடந்தது. வரிசையாக நிறுத்தப்பட்ட ஆண்களின் முன்னால் அந்தப் பெண்கள் நடந்துபோய், முகம் முகமாகப் பார்த்து, இவன்தான் என்று கை காட்டினார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்து போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள், அதில் 17 பேர் வன்கொடுமைக் குற்றத்துக்கு. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அப்போது அந்தப் பெண்கள் தங்கள் சாட்சியைச் சொல்லத் தொடங்கி 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.