பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்! ஊசி போடமாட்டார், கையைப் பிடித்துக்கொள்வார்

சென்னை:-

இடுப்பு வலி எடுத்துப் பிரசவ வார்டுக்குள் போகும் பெண்ணுக்கு டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு. "பயப்படாதேம்மா, நான் இருக்கேன்" என்று சொல்ல ஆள்?

அதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. பெயர் "டூலா". கிரேக்கச் சொல். பணிப்பெண் என்று அர்த்தம். அமெரிக்காவில் சம்பளம் கொடுத்து அமர்த்துகிறார்கள். நம்ம ஊர்ப் பெருநகரங்களிலும் வந்துவிட்டார்கள்.

டூலா மருத்துவச்சி அல்ல. பிரசவம் பார்க்கமாட்டார். ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது. இடுப்பைத் தேய்த்து விடுவார். தண்ணீர் கொடுப்பார். எழுப்பி நடக்க வைப்பார். டாக்டர் சொன்னது புரியாவிட்டால் எடுத்துச் சொல்வார். அவ்வளவுதான்!

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? கணக்கைக் கேளுங்கள்.

மூலையில் ஒருத்தி

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பொது ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர்கள் கென்னல், கிளாஸ் குழுவினர் நடத்திய ஆராய்ச்சி 1991-ல் வெளியானது. தலைப்பிரசவத்துக்கு வந்த 412 பெண்களில் ஒரு பாதிக்கு டூலா துணை. மறு பாதிக்கு, அறையில் பேசாமல் உட்கார்ந்து கவனிக்க மட்டும் ஒரு பெண். இருவருமே இல்லாத வேறு சிலரின் கணக்கும் எடுக்கப்பட்டது.

யாரும் இல்லாதவர்களில் 100-க்கு 18 பேருக்கு சிசேரியன் ஆபரேஷன். டூலா இருந்தவர்களுக்கு 8. வாயே திறக்காமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, அங்கே 13!

வாயை அடக்கும் பாடம்

டூலா ஆக டாக்டர் படிப்பு வேண்டாம். 1992-ல் அமெரிக்காவில் தொடங்கிய "டோனா" சங்கம், வகுப்பு நடத்தி, சில பிரசவங்களில் கூட இருக்கச் செய்த பிறகே சான்றிதழ் தருகிறது. இதில் கஷ்டமான பாடம், தன் அபிப்பிராயத்தைத் தாயின் தலையில் கட்டாமல் இருப்பதுதான்.

பச்சை உடம்புக்காரியை வீட்டில் பார்த்துக்கொள்கிற டூலாவுக்குத் தனிப் பயிற்சி. தாய்ப்பால் கொடுக்கப் பழக்க வேண்டும். தாய் கொஞ்சம் கண்ணயர இடம் செய்ய வேண்டும். நாள் கணக்கில் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், "சரியாப் போயிடும்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

இங்கே இலவசம்

காசு கொடுத்து டூலா வைக்க எல்லோராலும் ஆகுமா? தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில், பிரசவத்தின்போது சொந்தக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கும் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. மத்திய அரசும் 2016-ல் விதிமுறை வகுத்தது. உடன் இருப்பவர் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். தொற்று நோய் கூடாது. சுத்தமான உடை வேண்டும். டாக்டர், நர்ஸ் வேலையில் குறுக்கிடக் கூடாது. அடுத்த கட்டிலுக்குப் போய் யோசனை சொல்லவும் கூடாது!

அட்மிஷன் போடும்போதே, "உள்ளே துணைக்கு அம்மா வரலாமா?" என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கணவர்? மறைவு வசதி இருக்கும் இடங்களில் அனுமதிக்கலாம் என்கிறது அந்த விதிமுறை. ஒரே ஹாலில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்தால், அவருக்கு வாசல்தான்.