துறைமுகத்துக்கு லாரி ஓட்டப் போகும் தம்பிகளுக்கு

லாரித் தொழில் என்றாலே நாமக்கல்லும் சங்ககிரியும் நினைவுக்கு வரும். மைசூரில் குடியேறிய நம் குடும்பங்களிலும் ஸ்டீயரிங் பிடித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. இங்கே கடல் இல்லை. ஆனாலும் குடகின் காபியும், நஞ்சன்கூடு, ஹெப்பாள் தொழிற்பேட்டைகளின் சரக்கும் கடல் கடக்கின்றன. சுமார் 250 கி.மீ. தொலைவிலுள்ள மங்களூர்ப் பணம்பூர் துறைமுகத்துக்கோ, சென்னைக்கோ கன்டெய்னர் ஏற்றிச் செல்லப் புதிதாக வரும் இளைஞர்களுக்காக இந்தச் சில வார்த்தைகள்.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். துறைமுக வேலையில் டிரைவரின் கையெழுத்துக்கு விலை உண்டு. காலிப் பெட்டியை எடுக்கும்போது 'ஈ.ஐ.ஆர்.' என்னும் ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கு முன் பெட்டியைச் சுற்றி வந்து பாருங்கள். நசுங்கல், துரு, ஓட்டை இருந்தால் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால், திருப்பித் தரும்போது அந்தச் சேதம் உங்கள் கணக்கில்தான் சேரும். கிளீனரை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே சென்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. மழையில் காபி மூட்டை நனைந்துவிடும்.

சரக்கு ஏற்றியபின் கதவிலுள்ள சீல் எண்ணும் காகிதத்திலுள்ள எண்ணும் ஒன்றா எனப் பாருங்கள். வழியில் சீல் உடைந்திருந்தால் நீங்களே எதையும் மாற்றாமல் உடனே முதலாளிக்குத் தெரிவியுங்கள்.

எடையில் புதியவர்கள் ஏமாறுவதுண்டு. 20 அடிக் காலிப் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல். 40 அடிப் பெட்டி நான்கு டன்னை நெருங்கும். சரக்கின் எடையோடு இதையும் கூட்ட வேண்டும். 2019-இல் திருத்திய சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

பெட்டியின் நான்கு மூலைகளையும் டிரெய்லரோடு பிணைக்கும் 'ட்விஸ்ட் லாக்' பூட்டுகளைப் புறப்படுமுன் கையால் தொட்டுப் பாருங்கள். பூட்டாத பெட்டி வளைவில் சரியும். துறைமுகத்தில் இறக்குமுன் நான்கையும் திறக்க மறந்தால், கிரேன் பெட்டியோடு வண்டியையும் தூக்கிவிடும்.

பாதையையும் விசாரித்தே புறப்பட வேண்டும். 2018 ஆகஸ்டில் மடிகேரி - சம்பாஜே சாலை மண்சரிவால் மூடப்பட்டது. மழைக்காலத்தில் அங்கே கனரக வண்டிகளுக்குத் தடை வருவதுண்டு. கோவை, தூத்துக்குடிப் பக்கம் போவோர், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையைக் குறுக்கு வழி என எண்ண வேண்டாம். 2022-இன் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 12 சக்கரங்களுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அங்கே அனுமதியில்லை. பந்திப்பூர் வழியிலோ 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை தடை உள்ளது.

கடைசியாக, காத்திருப்பு. 1956-இல் கன்டெய்னர் கப்பலை ஓடவிட்ட அமெரிக்கரான மால்கம் மெக்லீன் ஒரு லாரி டிரைவராக இருந்தவர். துறைமுகத்தில் பஞ்சு மூட்டைகள் இறங்கக் காத்துக் கிடந்த நாளில்தான் அந்த யோசனை பிறந்ததாகப் பின்னாளில் சொன்னார். பெட்டி வந்தது, வாசலில் காத்திருப்பது இன்னும் முழுதாகப் போகவில்லை. எனவே வேலைக்குச் சேரும்போதே, காத்திருக்கும் நாளுக்குப் படி எவ்வளவு என்று முதலாளியிடம் பேசி முடிவு செய்யுங்கள். வரிசையில் நிற்கும் நேரத்தில் தூங்கி எழுங்கள். இழந்த நேரத்தை இரவுச் சாலையில் வேகத்தால் ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எப்போ வருவே?" என்று ஓட்டும் நேரத்தில் தொலைபேசியில் அவசரப்படுத்தாதீர்கள். ஒருநாள் தாமதமாக வந்தாலும் பிள்ளை நல்லபடியாக வந்து சேரட்டும்.