வழி சுமந்ததும் நாம் சுமப்பதும்

புகாரிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகள் சொல்லும் வழிக்குறிப்பு சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் வருகிறது. காவிரிப் படுகையில் நடக்க நினைக்கும் எவரும் ஒருமுறை அதைப் படிக்க வேண்டும். போக இரண்டு வழி உண்டு, தோப்பு வழி, வயல் வழி. தோப்புக்குள் போனால் வெயில் படாது. ஆனால் வள்ளிக்கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடிக் கிடக்கும், கால் உள்ளே போய்விடும். குழிக்குப் பயந்து ஒதுங்கினால் பலாப்பழம் வந்து முட்டும். வயல் பக்கம் போனால் நீர்நாய் துரத்திய மீன் துள்ளும், கண்ணகி திடுக்கிடுவாள். வரப்பில் நத்தையும் நண்டும் காலில் மிதிபடும், அந்தப் பாவம் சமணத் துறவிக்குத் தாங்காது.

நிழல், தரை, தண்ணீர், கூட வருகிறவரின் மனது என எல்லாமே அந்தத் திட்டத்துக்குள் இருக்கின்றன. எத்தனை தூரம் என்ற பேச்சு அதில் முன்னால் வருவதில்லை. இன்று செல்பேசியில் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைவழி கேட்டால் முதலில் வருவதே தூரமும் நேரமும்தான். சுமார் 90 கிலோமீட்டர், இத்தனை மணி நேரம், ஒரு நீலக்கோடு. நிழலைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

எனக்குப் பட்டது இதுதான். அன்று நடந்தவர்கள் கையில் படம் இல்லை, ஆனால் அவர்களுக்கு வேண்டியதெல்லாம் வழியில் இருந்தது. இன்று கையில் படம் இருக்கிறது, வழியில் இருந்தவை ஒவ்வொன்றாகப் போய்விட்டன. நம் முதுகுப் பை இத்தனை கனப்பதற்குக் காரணம் அதுதான்.

தஞ்சை மராட்டியர் காலத்து ராமேசுவரம் சாலையை எடுத்துக்கொள்வோம். காசியிலிருந்து நடந்து வருகிறவர்களுக்காக அந்தச் சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டப்பட்டன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். 1801இல் இரண்டாம் சரபோஜி இந்தச் சத்திரங்கள் தன் பொறுப்பிலேயே இருக்க வேண்டுமென்று தஞ்சையிலிருந்த ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்குக் கடிதம் எழுதினார். வருகிறவர் எவரானாலும் சோறு, சமைத்தது வேண்டாதவர்களுக்கு அரிசியும் மளிகையும், கைக்குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியர், வழியில் வலியெடுத்த கர்ப்பிணிக்குப் பராமரிப்பு, இறந்துபோனவருக்கு இறுதிக்கடன் என்று அதில் வரிசையாகச் சொல்கிறார். நள்ளிரவுவரை சோறு போட்டு, கடைசியில் மணியடித்து இன்னும் யாராவது உண்டா என்று அழைப்பார்களாம். ஒரு நெடுநடைக்கான ஏற்பாடுகளின் பட்டியலாகவே அந்தக் கடிதத்தை நான் படிக்கிறேன். இன்று நாம் பையில் திணிக்கும் பாதிப் பொருள் அதில் அடங்கிவிடுகிறது.

மீதியைச் சாலையோரம் பார்த்துக்கொண்டது. சுமைதாங்கிக் கல்லை இப்போதும் சில இடங்களில் பார்க்கலாம். நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்காக ஒரு கல், ஏறக்குறைய தோள் உயரம். பிள்ளை பெறாமல் வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கைகொடுக்கத் தேவையில்லாமல் மூட்டையை அதன்மேல் தள்ளி வைத்துவிட்டு நிமிரலாம், திரும்பவும் அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அந்த உயரத்தைக் கணக்குப் பார்த்து வைத்தவர்கள் சுமந்து நடந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அடுத்து ஒரு கிணறு, ஒரு புளிய மரம், கோடையில் ஒரு தண்ணீர்ப் பந்தல், இருட்டினால் ஒரு திண்ணை. இவ்வளவும் இருந்ததால் நடப்பவர் கையில் ஒரு துப்பட்டி, ஒரு செம்பு, கட்டுச்சோறு, கொஞ்சம் அவல், ஒரு தடி போதும்.

இதைச் சொல்லும்போதே மற்றதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் திண்ணை எல்லோருக்குமானது அல்ல. சத்திரத்தில் சோறு எல்லோருக்கும் கிடைத்தது என்றாலும் பந்தி ஒன்றல்ல. அக்கிரகாரத் தெரு வழியாக நடக்கவே விடப்படாத மக்கள், ஊரைச் சுற்றி வயலிலும் வாய்க்கால் கரையிலும் நடந்தார்கள். தஞ்சைச் சீமையின் குறுக்குவழிகள் எல்லாம் அவர்கள் காலால் தெரிந்தவை. பழைய வழியின் தாராளத்தைப் புகழ்கிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசினால் அது பாதிக் கதை. நீலக்கோடு போடும் செயலி யாரிடமும் சாதி கேட்பதில்லை, எந்தத் தெருவையும் யாருக்கும் மறைப்பதில்லை. இந்த மாற்றத்தில் நான் மனதார வரவேற்பது இதைத்தான்.

வழி தரும் ஆதரவு திடீரென்று இல்லாமல் போனால் என்ன ஆகும்? அந்தச் சோதனையும் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர் படை திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பியது. ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாள் அது. சுமார் 150 மைல், 15 நாள், நாளைக்குச் சராசரி பத்து மைல். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், நடுவில் வெயிலுக்கு ஓய்வு. புறப்படும் இடம் திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜனின் வீடு, சேருமிடத்து ஏற்பாடு வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளையின் பொறுப்பு. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று போன வழி நேர்வழி அல்ல. கடலுக்கு நேராகக் கோடு போட்டால் கும்பகோணம் எவ்வளவோ வடக்கே ஒதுங்கிக் கிடக்கிறது. ஆனால் பேச ஆளும் கேட்கக் கூட்டமும் படுக்க இடமும் உள்ள ஊர்களைத் தொட்டுக்கொண்டு போவதுதான் அந்தத் திட்டத்தின் சாரம்.

தஞ்சைக் கலெக்டர் தார்ன் இதைச் சரியாகவே புரிந்துகொண்டார். நடப்பவர்களை மறிப்பதைவிட வழியை அவர்களிடமிருந்து பறிப்பது எளிது என்று கணக்குப் போட்டார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவருக்கு ஆறு மாதம்வரை சிறை என்று அறிவிப்புப் போனது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் அதை மீறி வீட்டில் இடம் கொடுத்துச் சிறைக்குப் போனார். மற்ற இடங்களில் ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஏப்ரல் 28 அன்று படை வேதாரண்யம் சேர்ந்தது. 30ஆம் தேதி உப்பெடுத்தார்கள். மேட்டூர் அணை கட்டி முடிவதற்கு நான்காண்டு முந்தைய சித்திரை மாதம் அது. தஞ்சை மண்ணில் நடக்க வெயில் கொடியது, ஆனால் தரை காய்ந்து இறுகி இருக்கும் பருவம்.

படத்தின் கதைக்கு வருகிறேன். தஞ்சைச் சமவெளி நில அளவைக்காரர்களை நிறையவே படுத்தியது. முக்கோண அளவைக்கு உயரமான இடம் வேண்டும். இங்கே குன்று கிடையாது. கோயில் கோபுரங்கள்தான் குன்று. 1808இல் வில்லியம் லாம்டன் தன் மாபெரும் தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றினார். லண்டனில் வில்லியம் கேரி செய்த, அரை டன் எடையுள்ள கருவி. ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் ஒதுங்கி உட்கார்ந்து வாரக்கணக்கில் பாடுபட்டுத் தானே அதைச் சரிசெய்தார். வழிநடப்பவரும் காலங்காலமாக அதே கோபுரங்களைப் பார்த்துத்தான் திசை பிடித்தார்கள்.

பிறகு சர்வே ஆஃப் இந்தியாவின் நிலப்படங்கள் வந்தன. தஞ்சாவூர் 58 என் வரிசையில் வரும். ஒரு சாதாரண மனிதர் கையில் அந்தத் தாள்கள் கிடைப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 2005இன் நிலப்படக் கொள்கை கொஞ்சம் திறந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் வந்த புதிய விதிமுறைகள் படம் வரைவதற்கான பெரும்பாலான கட்டுப்பாடுகளை நீக்கின. 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் இன்று யாரும் தன் ஊர் வாய்க்காலை வரைந்து சேர்க்கலாம். அந்தப் படத்தை ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற செயலிகளில் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். கல்லணையில் கிளம்பித் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார்வரை, 120 கிலோமீட்டருக்குக் குறையாத கரைநடையை வீட்டில் உட்கார்ந்து ஒரே மாலையில் போட்டு ஜி.பி.எக்ஸ். கோப்பாக்கிவிட முடிகிறது. நடக்கும் ஆசையுள்ள ஒருவருக்கு இது பெரிய வரம்.

ஆனால் இந்தச் செயலிகள் மலைநடைக்காகப் பழகியவை. ஏற்றம் இறக்கம் காட்டும் வரைபடத்தில் டெல்டா ஒரு தட்டைக் கோடு, அதைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. இங்கே கஷ்டம் ஏற்றத்தில் இல்லை, தண்ணீரைக் கடப்பதில் இருக்கிறது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பைப் பாருங்கள். வெண்ணாறு அங்கே மூன்றாகப் பிரிகிறது, பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை. திறந்த வெளியில் செல்பேசியின் ஜி.பி.எஸ். நல்ல நாளிலேயே ஐந்து மீட்டர் முன்பின் தவறும். ஒரு கிளை வாய்க்காலின் அகலமே அவ்வளவுதான். புள்ளி அக்கரையில் நிற்கும், நீங்கள் இக்கரையில் நிற்பீர்கள். கோட்டோடு போகிறோம் என்று நினைத்து ஒரு மணி நேரம் நடந்த பிறகு எதிர்ப்படும் விவசாயி சொல்வார்: “அந்தக் கரையில்ல வந்திருக்கணும் தம்பி! இனிமே மதகடிக்குத் திரும்பித்தான் போவணும்.”

இன்னொன்று, செயற்கைக்கோள் படத்துக்குப் பருவம் தெரியாது. கோடையில் எடுத்த படத்தில் வறண்ட வாய்க்கால் அழகான மண்பாதையாகத் தெரியும். அறுவடை முடிந்த வயலில் மாடு நடந்த தடம் குறுக்குவழியாகத் தெரியும். அதே இடத்தில் ஐப்பசியில் முழங்கால் அளவு சேற்றில் சம்பா நிற்கும். டெல்டாவில் நடைவழியை முடிவு செய்வது மேட்டூர். ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28வரை திறக்கவில்லை. எந்த மாதம் எந்த வாய்க்காலில் காலை வைக்கலாம் என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. அணை நீர்மட்டச் செய்தியைப் பார்க்காமல் இங்கே நடைப்பயணத்துக்குத் தேதி குறிக்கக் கூடாது. முறைவைத்துத் தண்ணீர் விடும் காலமென்றால் பாசன உதவியாளரையோ ஊரில் ஒருவரையோ கேட்க வேண்டும்.

சாமான்களும் அப்படித்தான். மலைக்கென்று விற்கும், பல் வைத்த கனமான காலணியோடு ஈரக் கரையில் நூறடி நடந்து பாருங்கள். வண்டல் களிமண் அந்தப் பல்லுக்குள் அப்பி, ஒரு காலே இரண்டு கால் கனமாகும், குச்சியால் நோண்டினாலும் வராது. கழுவினால் போகும் வார்ச்செருப்பே மேல். கூடாரத்தைவிடக் கொசுவலை அவசியம். பத்தாயிரம் மில்லி ஆம்பியர் பவர் பேங்க் இருநூறு கிராம்தான் இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையில் முதுகை முறிப்பது தண்ணீர். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வேண்டுமென்றால் நான்கு கிலோ. அன்றைக்குக் கிணறும் பந்தலும் சுமந்த எடை அது. சாலை அகலப்படுத்தப் புளிய மரங்களை வெட்டியபோது நிழலும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. இன்று தொப்பியாகவும் குடையாகவும் அதையும் நாமே தூக்குகிறோம்.

வழி இன்னும் சுமக்கும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி வேளாங்கண்ணிச் சாலையில் காவி உடுத்திச் சாரி சாரியாக நடப்பவர்களைப் பாருங்கள். மாதா சொரூபம் வைத்த சிறு தள்ளுவண்டி, வெறுங்கால், தோளில் ஒரு துணிப்பை. அந்த நாட்களில் சாலையோரம் பந்தல் போட்டு மோர், சோறு, காலுக்குத் தடவ எண்ணெய்வரை கொடுக்கிறார்கள், எந்த மதத்து வீடு என்று பார்ப்பதில்லை. அவர்களுக்கு இல்லாதது ஒன்றே ஒன்று, வண்டிகள் விரையும் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் இரவில் பாதுகாப்பு. முதுகில் ஒளிர்பட்டை ஒட்டிக்கொள்கிறார்கள். பெரிய சாலையை விட்டு ஆற்றங்கரையோடு போக ஒரு நல்ல மாற்றுவழி வரைந்து கொடுத்தால் அந்தப் படம் உயிர் காக்கும்.

அதை வரைய நாம்தான் நடக்க வேண்டும். ஜனவரிக் கடைசியில் மேட்டூர் மூடி, சம்பா அறுவடை முடிந்து, மறுபடி தண்ணீர் வரும்வரை உள்ள சில மாதங்கள் கரைகள் காய்ந்திருக்கும். ஊருக்கு இரண்டு பேர் போதும். எந்த மதகின்மேல் ஆள் நடக்கலாம், எதில் ஷட்டர் திருகுகள் வழியை அடைக்கின்றன, எந்த நடைபாலம் இடிந்துவிட்டது, எந்தக் கரையில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, எந்த அடிபம்பில் தண்ணீர் குடிக்கலாம், எந்தப் படித்துறையில் அரசமர நிழல், எந்தக் கோயில் மண்டபத்திலோ பள்ளி வராந்தாவிலோ படுக்க விடுவார்கள். ஒவ்வொன்றையும் நின்ற இடத்திலேயே ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் குறிக்கலாம், தமிழிலேயே பெயர் போடலாம். கிராம வரைபடத்தில் புள்ளிக்கோடாக இருக்கும் பழைய நடைபாதைகளையும் வண்டிப்பாதைகளையும் ஒப்பிட்டு, ஆக்கிரமிப்பில் போனவை எவை என்றும் எழுதி வைக்கலாம். கல்லணையிலிருந்து தொடங்கினால் முதல் நாளுக்குத் திருக்காட்டுப்பள்ளிவரை போதும், குடமுருட்டி பிரியும் இடத்தில் எந்தக் கரை என்பதை மட்டும் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.